சுளித்த முகங்கள்



பல ஆண்டுகளுக்கு முன்னர், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். திருவிழாச் சப்பரப் பவனியில் பறை அடிக்க அனுமதி கேட்டு நான்கு இளைஞர்கள் வந்தனர். "பேண்டு வாத்தியம் இருக்கிறதே தம்பி, அது போதும்" என்றேன். வழிபாட்டிற்கு ஏற்ற கருவியன்று என்பது நான் கூறிய காரணம். பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற அச்சமே உண்மைக் காரணம். "சரி சாமி" என்று சென்றவர்கள் மறு ஆண்டு கேட்க வரவில்லை.

அண்மையில் இளையோர் இயக்கத்துப் பிள்ளை ஒருவன் தன் கைப்பேசியில் 'மகிழ்ச்சி' என்னும் இசைத்தொகுப்பை ஒலிக்கச் செய்தபோது அந்நால்வரும் என் கண்முன் நின்றனர். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னைக் குழுவினரின் முதல் தொகுப்பு அது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறியது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) முன்வைத்த கருத்திலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானாவும், ராக் கிதாரும், ராப்பும், பறையும் அதில் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன.

முதலில் நானும் முகம் சுளித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஓசைக்காக அன்று, கேலிக்காக. இட ஒதுக்கீட்டை இகழ்வோருக்கு இக்குழுவினர் 'கோட்டா' என்னும் பாடலில் நையாண்டியாகவே விடையளிக்கின்றனர். பாட்டில் ஏளனம் தகுமா என்று நீங்களும் கேட்கலாம். 1966இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸாப்பாவின் 'மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' குழு தன் முதல் தொகுப்பை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டு, தன் நாட்டாரின் போலிப் பெருமிதத்தை எள்ளி நகையாடியபோதும் இதே கேள்வி எழுந்திருக்கும். ஆனால் கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரை எலியா கேலி செய்யவில்லையா? கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோரைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது கேட்டவர்கள் சிரித்திருக்கமாட்டார்களா? வலியவன் எளியவனை ஏளனம் செய்வது பாவம். அடிபட்டவன் அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பது வேறு. அச்சிரிப்பில் நீதிக்கான மன்றாட்டு இருக்கிறது.

அச்சிரிப்பு நம்மையும் நோக்கியதே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவரான தலித் மக்கள் பட்டியல் சாதியினருக்குரிய உரிமையை இழந்தனர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நம்மவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். அரசிடம் நீதி கேட்கிறோம், கேட்கவேண்டியதே. ஆனால் தமிழகத்தில் சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பியது அரசா? தீண்டாமையை அகற்ற வேண்டுமென்று இந்திய ஆயர் பேரவை 2016இல் தனிக்கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது என்றால், நோய் எங்கே இருக்கிறது?

தகுதியுள்ள பிற இசைக்கருவிகளையும் வழிபாட்டில் ஏற்கலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே கூறிவிட்டது. அவ்வேட்டைக் குருமடத்தில் படித்தவன் நான். படித்தும், தோலைத் தொட்டவன் யார் என்று பார்த்தேனேயன்றி, ஒலியைக் கேட்கவில்லை. இக்கடற்கரையில் புனித சவேரியார் கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக மக்களைக் கூட்டினார். அம்மணியோசைக்கு எந்தத் தெருவும் விலக்கன்று.

இவ்வாண்டுத் திருவிழாக் குழுவில் பறையைப் பற்றி நானே பேச்செடுத்தேன். சில முகங்கள் சுளித்தன. எனக்குப் பழகிய முகமே அது. ஒரு காலத்தில் அது என்னுடையதாக இருந்தது. அன்று வந்த நால்வரும் இதை வாசிக்க நேர்ந்தால், தங்கள் பங்குச் சாமியை மன்னிப்பார்களாக. மற்ற நீங்கள், உங்கள் பிள்ளைகள் கேட்கும் பாட்டை நிறுத்தச் சொல்லுமுன், ஒருமுறை அவர்கள் அருகில் அமர்ந்து முழுவதும் கேளுங்கள்.