மருந்து அடிச்சா மண்ணுக்கு என்ன ஆகும்?

லால்குடி பக்கம் யாரைக் கேட்டாலும் யூரியா கணக்கு மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை, மேலுரம் எத்தனையாவது நாள், எல்லாமே அத்துபடி. ஆனால் 45 கிலோ மூட்டையில் இருக்கும் சுமார் 20 கிலோ தழைச்சத்தைப் பயிர் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் அதைச் சமைத்துக் கொடுக்கின்றன. முதலில் யூரியா அம்மோனியமாக உடைகிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர் வகையறா.

சரி, களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் அடிக்கும்போது இந்தச் சமையல்காரர்கள் என்ன ஆவார்கள்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சர்வதேசப் பரிசோதனை முறை உண்டு. ஓ.இ.சி.டி. அமைப்பு 2000-ல் கொண்டுவந்த 216-ம் எண் வழிகாட்டி அது. ஐரோப்பாவில் மருந்தைப் பதிவு செய்ய இந்த முடிவைக் கேட்கிறார்கள். ஒரு வருஷமாவது பூச்சி மருந்தே படாத மண்ணை எடுத்து, 2 மி.மீ. சல்லடையில் சலிக்கிறார்கள். அதில் குதிரைமசால் போன்ற தழையின் பொடியைக் கலக்கிறார்கள். நுண்ணுயிரிகளுக்கு அதுதான் சாப்பாடு. ஒரு பங்கில் மருந்து கிடையாது. இன்னொன்றில் வயலில் விழக்கூடிய அதிகபட்ச அளவு, மற்றொன்றில் அதைவிடப் பல மடங்கு. 20 டிகிரி இருட்டறையில் 28 நாள் வைத்து, நைட்ரேட் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். வயல் அளவு மருந்து போட்ட மண்ணுக்கும் மருந்தில்லாத மண்ணுக்கும் வித்தியாசம் 25 சதவிகிதத்துக்குள் இருந்தால், நீண்டகாலப் பாதிப்பு இல்லை என்று கணக்கு. தாண்டினால் 100 நாள் வரை பார்க்கலாம்.

கவனியுங்கள், தீர்ப்பு வயல் அளவை வைத்துத்தான். 'பூச்சி அதிகமா இருக்கே' என்று கண்ணளவாக இன்னொரு மூடி ஊற்றினால், அந்தச் சான்றுக்கும் உங்கள் வயலுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த ஆய்வக மண் லேசான ஈரத்தில், காற்றோட்டமாக இருக்கும். நம்ம ஊர் வாழைத்தோப்புக்கு ஓரளவு பொருந்தும். தண்ணீர் கட்டி நிற்கிற நெல் வயல் கதையே வேறு. அங்கே நைட்ரேட்டாக மாறும் தழைச்சத்தில் கணிசமான பங்கு, காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கி, வேறு பாக்டீரியாக்களால் வாயுவாகிப் பறந்துவிடும். அதனால் சமையல் கொஞ்சம் மெதுவாக நடந்தால் நெல்லுக்கு லாபம்!

வேம்பு வேலை செய்வது இந்த இடத்தில்தான். நைட்ரோசோமோனாஸின் வேகத்தை அது மட்டுப்படுத்தும். 2015-ல் மத்திய அரசு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதில் இதுவும் ஒரு காரணம். அதற்கு ரொம்ப முன்பிருந்தே நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பக்குவம் ஒன்று உண்டு: யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து, ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் வயலில் தூவுவது.