கல் சொன்ன உண்மை!

உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது சித்திரகூடம். வனவாசத்தின்போது இராமபிரான் தங்கிய இடம் என்று மக்கள் போற்றும் ஊர் அது. அங்குள்ள பாறைகளைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள் ஒரு பெரிய சச்சரவு மூண்டது. அதன் முடிவு எல்லோரும் அறிய வேண்டியது.

அஸ்மி கண்டது

1998-ம் ஆண்டு. டேராடூன் வாடியா இமாலய நிலவியல் கழகத்தைச் சேர்ந்த ரபத் அஸ்மி ஒரு செய்தியை வெளியிட்டார். விந்தியப் பாறைகளில் மிக நுண்ணிய உயிர்ச்சின்னங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன என்றார். ஆகவே பாறையின் வயது சுமார் 54 கோடி ஆண்டுதான் என்றும் கூறினார்.

மற்றவர்கள் திடுக்கிட்டார்கள். அந்தப் பாறை அதைவிட மிகப் பழையது என்பது அவர்கள் கணக்கு. சிலர் அங்கே போய்த் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அஸ்மி காட்டியவை மெய்தானா என்ற சந்தேகமே எழுந்தது!

கல்லுக்குள் பாசி

பிறகு சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்டெஃபான் பெங்ட்சனும் அவருடைய குழுவினரும் அதே பகுதிக் கற்களை ஆராய்ந்தார்கள். கல்லில் உள்ள ஈயத்தை அளந்து வயதைக் கணக்கிட்டார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. உயிர்ச்சின்னங்கள் மெய், ஆனால் பாறையின் வயதோ சுமார் 160 கோடி ஆண்டு!

2017-ல் இன்னும் ஒரு வியப்பு. சக்தி மிகுந்த எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிக் கல்லின் உள்ளே பார்த்தார்கள். நூல் போன்ற ஓர் உயிர் தெரிந்தது. அதில் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சதைப்பற்றான இன்னொரு வகையும் இருந்தது. இவை சிவப்புப் பாசி இனமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கூறினார்கள். இராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, அதுவும் சிவப்புப் பாசி இனந்தான்.

இதில் என்ன அதிசயம்? உயிரணு என்பது உயிரின் மிகச் சிறிய கூறு. ஆதியில் ஒவ்வோர் உயிரும் ஒரே உயிரணுதான். தின்பதும் வளர்வதும் பெருகுவதும் அந்த ஒன்றின் வேலை. பல உயிரணுக்கள் கூடி வாழத் தொடங்கிய பிறகே வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வழி பிறந்தது. மரமும் மீனும் மனிதனும் வெவ்வேறு வழியில் வந்தாலும், எல்லாம் உயிரணுக்களின் கூட்டுக் குடும்பமே!

இதற்கு முன் தெரிந்திருந்த மிகப் பழைய சிவப்புப் பாசி கனடாவின் வடகோடியில் கிடைத்தது. அதன் வயது 100 கோடிக்குச் சற்று அதிகம். சித்திரகூடத்துப் பாசியோ அதற்கும் 50 கோடி ஆண்டு மூத்தது!

கற்க வேண்டிய பாடம்

அஸ்மி வயதில் தவறினார், பொருளில் தவறவில்லை. எதிர்த்தவர்கள் வயதைச் சரியாகச் சொன்னார்கள். பொருளைக் காணத் தவறினார்கள். இரு பக்கமும் பாதி உண்மை இருந்தது. முழு உண்மை கல்லுக்குள் இருந்தது.

சந்தேகிப்பது குற்றமல்ல. சந்தேகம் இல்லாமல் விஞ்ஞானம் வளராது. ஆனால், "எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே அது இல்லை" என்று தீர்ப்புக் கூறுவது அவசரம். மறுபடியும் கல்லை எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

நூல் போன்ற அந்தப் பாசிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'ரபதாஸ்மியா'. சந்தேகத்துக்கு ஆளானவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது!