நகல் எடுத்தவன் வாழ்க!

பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், கிங்க்ஸ்னு 1960-கள்ல கலக்கின பிரிட்டிஷ் பீட் குழுக்களோட இசைத்தட்டுகள் பத்திரமா இருக்கு. ஆனா அவங்க டிவியில வந்து பாடின நிகழ்ச்சிகள்ல பாதிக்கு மேல காலி. திருடன் யாரும் வரலை மக்களே, எடுத்தவங்களே அழிச்சிட்டாங்க.

பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' 1964 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் வந்ததில் ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். வீடியோ டேப் அப்போ விலை அதிகம், அழிச்சிட்டு மறுபடி பதியலாம். மறு ஒளிபரப்புக்கு கலைஞர் சங்கங்களோட ஒப்பந்தத்தில் ஏகப்பட்ட கட்டுப்பாடு. கேசட் போட்டு விற்கவும் அன்னைக்கு வழியில்லை. கணக்குப்பிள்ளை பார்வையில் பார்த்தா அழிச்சது நியாயம்தான். என் கோபமே அங்கதான். நாளைக்கு எதுக்கு மதிப்பு இருக்கும்னு இன்னைக்கு பட்ஜெட் போடுறவர் எப்படிங்க முடிவு பண்ண முடியும்?

1966 ஜூன் 16 அன்று பீட்டில்ஸ் அந்த நிகழ்ச்சியில் நேரலையில் வந்தாங்க. அந்த ஒரு தடவைதான். டேப் போயே போச்சு. 2019-ல் 11 விநாடித் துண்டு ஒண்ணு வெளியே வந்தது, அதுவும் சத்தமில்லாம. வீட்டு டிவிக்கு எதிரே 8 மி.மீ. கேமராவைப் பிடிச்சு யாரோ எடுத்தது! 1965-ல் அவங்க தோன்றின இன்னொரு காட்சியில் ஒரு துண்டு, 'டாக்டர் ஹூ' தொடரின் ஒரு பகுதியில் காட்டப்பட்டதால மட்டும் தப்பிச்சது.

"எல்லாம் வாயசைப்புத்தானே, பாட்டுதான் தட்டுல இருக்கே"ன்னு கேட்கலாம். பாதி உண்மை. ஆனா 'ரெடி ஸ்டெடி கோ' நிகழ்ச்சியில் 1965-லேயே வாயசைப்பை விட்டுட்டு நேரடியா பாட வச்சாங்க. 1964-ல் அமெரிக்காவில் எடுத்த 'டாமி ஷோ' பாருங்க. ஜேம்ஸ் பிரவுன் மேடையைக் கொளுத்திட்டுப் போன பிறகு ஸ்டோன்ஸ் ஏறணும். மிக் ஜாகர் அன்னைக்கு ஆடின ஆட்டம் எந்தத் தட்டுல இருக்கு? தியேட்டருக்குன்னு எடுத்ததால அது பிழைச்சது.

அனுமதியில்லாம பதிவு பண்றவனைத் திருடன்னு சொல்றாங்க. இந்த விஷயத்தில் உரிமையாளர் அழிச்சார், அந்தத் 'திருடன்' காப்பாத்தினான். அதனால சொல்றேன், பரண்ல பழைய கேசட் கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. உங்க கருத்து என்ன, பின்னூட்டத்தில் சொல்லுங்க.