பிளாண்டேஷன் ஏ, பீபெரி... காபிக் கொட்டையின் தரத்தை முடிவு செய்வது எது?

காபித்தூள் கடைக்குள் நுழைந்ததும் மூக்கை இழுப்பது வாசனை. அடுத்து கண்ணில் படுவது விலைப் பலகை: பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா. ‘பீபெரிதான் ஒசத்தி’ என்று யாராவது சொல்ல, பலரும் அதையே வாங்குகிறார்கள். ஆனால், இந்தப் பெயர்கள் எதுவும் ருசியைப் பற்றிப் பேசவே இல்லை என்பதுதான் விஷயம்.

*பெயருக்குப் பின்னால் என்ன?*

‘பிளாண்டேஷன்’ என்பது எஸ்டேட்டின் பெயர் இல்லை. அரபிகா பழத்தின் தோலை நீக்கி, வழுவழுப்பைக் கழுவி, பிறகு காயவைத்த கொட்டைக்கு இந்தியாவில் வழங்கும் பெயர் அது. பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்தால் ‘அரபிகா செர்ரி’. ரோபஸ்டாவைக் கழுவிக் காயவைத்தால் ‘பார்ச்மென்ட்’, பழமாகவே காயவைத்தால் ‘செர்ரி’.

பக்கத்தில் வரும் ஏ, பி, சி எல்லாம் சல்லடைக் கணக்கு. 6.65 மி.மீ. துளையுள்ள சல்லடையில் கீழே விழாமல் நிற்பது ஏ. 6 மி.மீ. சல்லடையில் நிற்பது பி. அதைவிடச் சிறியது சி. சாதாரணமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒன்று மட்டும் வளர்ந்தால் அது உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. ஆக, அது வடிவத்தின் பெயர்.

அளவு பார்ப்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சிறுசும் பெருசும் கலந்து வறுத்தால் சிறுசு கருகும், பெருசு சரியாக வறுபடாது. ஆனா, பெரிய கொட்டை எல்லாம் நல்ல கொட்டை ஆகிவிடாது.

*350 கிராம் பரீட்சை*

உலக அளவில் ‘ஸ்பெஷாலிட்டி’ காபிக்கு நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் முறை வேறு. 350 கிராம் பச்சைக் கொட்டையைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழுதுகளைப் பொறுக்குவார்கள். முழுக்கக் கறுத்தது, புளித்தது, பூஞ்சை பிடித்தது போன்ற பெரிய பழுது ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைந்தது, லேசாகப் பூச்சி துளைத்தது போன்ற சின்னப் பழுதுகளுக்கும் கணக்கு உண்டு. உதாரணமாக, 5 உடைந்த கொட்டை சேர்ந்தால் ஒரு முழுப் பழுது. மொத்தம் 5 முழுப் பழுதுக்கு மேல் போனால் ‘ஸ்பெஷாலிட்டி’ இல்லை. ஈரப்பதமும் பார்ப்பார்கள்: 10 முதல் 12 சதவீதம். அதிகமானால் பூஞ்சை பிடிக்கும்.

கடைசித் தீர்ப்பு நாக்குக்குத்தான். ஒரே மாதிரியை 5 கப்பில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முகர்ந்து, உறிஞ்சிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 100-க்கு 80 வாங்கினால் தேர்ச்சி. ஏன் 5 கப்? ஒரு கறுத்த அல்லது புளித்த கொட்டை ஒரு கப்பை மட்டும் கெடுக்கலாம். ஒரே கப் வைத்தால் அது தப்பிவிடும்.

*பழுது எங்கே தொடங்குகிறது?*

பெரும்பாலும் செடியிலும் களத்திலும். பச்சைக்காயும் பழமும் கலந்து பறித்தால் ருசி கெடும். பறித்த பழம் மூட்டையிலேயே கிடந்தால் புளிக்கும். பழுத்ததை மட்டும் பறிக்க, ஒரே செடிக்குப் பல முறை ஆள் விட வேண்டும். ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தக் கூலி பெரிய செலவு. கலந்து பறித்த மூட்டைக்கும் பார்த்துப் பறித்த மூட்டைக்கும் வியாபாரி ஒரே விலை கொடுத்தால், அவர் எதற்கு மெனக்கெட வேண்டும்?

தரம் பிரிக்கும்போது ஒதுங்குகிற கறுத்த, பழுப்பேறிய, உடைந்த கொட்டைகளுக்கு வியாபாரத்தில் ‘பிபிபி’ என்று பெயர். அவற்றுக்கும் சந்தையில் விலை உண்டு. வறுத்து அரைத்துவிட்டால் எது எதுன்னு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

*பாக்கெட் பேசட்டும்*

சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிடுவதும் கட்டாயம். அந்த விதியால்தான் வாங்குபவருக்கு 80:20-க்கும் 60:40-க்கும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால், அந்த 80-க்குள் இருப்பது எந்தக் கொட்டை என்பது பற்றிப் பெரும்பாலான பாக்கெட்டுகள் வாயே திறப்பதில்லை.

அரபிகாவா ரோபஸ்டாவா, கழுவியதா காயவைத்ததா, என்ன கிரேடு, எந்தப் பருவத்து அறுவடை - இந்த நான்கு வரிகளுக்குப் பாக்கெட்டில் இடம் இருக்கிறது. அவையும் அச்சில் வர வேண்டும். வாங்குபவர் தரத்தைப் பார்த்துக் காசு கொடுத்தால்தான், பழுத்ததை மட்டும் பறிக்கும் விவசாயிக்கு அந்தக் காசு போய்ச்சேர வழி பிறக்கும்.

அதுவரை, அடுத்த முறை கால் கிலோ வாங்கும்போது அரைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி கொட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வறுத்த கொட்டையில் எல்லாப் பழுதும் தெரியாது. ஆனா உடைசலும் ஓட்டையும் தெரியும்.