எதற்கு ஈடு?

"அதற்கு ஈடாக இதை வாங்கிப் போங்கள்" என்று கடைக்காரர் சொன்னால், எதற்கு ஈடு என்று நாம் கேட்பதில்லை. விலைக்கா, ருசிக்கா, உழைப்புக்கா? கேளாமலே குடும்பம் நடந்துவிடுகிறது. ரஸாயன சாஸ்திரத்திலோ அந்தக் கேள்வியின்றி ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. பிள்ளைகள் உருப்போடும் 'சமான எடை' என்பதன் தாத்பரியம் இதுவே.

பெயரைக் கொண்டு எடைகள் சமம் என்று எண்ணிவிடலாகாது. சமமாயிருப்பது வேலைதான். 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் பிராணவாயு ஈடு. ஸோடியம் 23 கிராம். வெள்ளியானால் 108 கிராம் வேண்டும். 1792-ல் ஜெர்மானியரான ரிக்டர், அமிலங்களும் காரங்களும் ஒன்றையொன்று முறிக்கும் அளவுகளை ஆராயப் புகுந்தார். 1814-ல் இங்கிலாந்தில் வோலாஸ்டன் இவ்வெண்களை நகரும் அளவுகோல் ஒன்றில் பொறித்தே கொடுத்துவிட்டார்.

புளிப்பேறிய தோட்ட மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது வழக்கம். சுட்ட சுண்ணாம்பு 28 கிலோ செய்யும் வேலைக்கு, நீற்றிய சுண்ணாம்பு 37 கிலோவும், சுடாத சுண்ணாம்புக் கல்லின் தூள் 50 கிலோவும் தேவை. கிலோ விலையை மட்டும் பார்த்து மலிவு என்று வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார்.

செம்பின் கதை இன்னும் வேடிக்கையானது. 8 கிராம் பிராணவாயுவுடன் கூடிக் கறுப்பு ஆக்ஸைடு ஆகும்போது செம்பு 31.8 கிராம், சிவப்பு ஆக்ஸைடு ஆகும்போது 63.5 கிராம். "எது ஸார் சரி?" என்று வகுப்பில் கேட்பார்கள். இரண்டும் சரிதான். செம்பு என்ன காரியம் செய்தது என்று சொல்லாதவரை அதற்குச் சமான எடையே கிடையாது. இந்தத் தொல்லையை உத்தேசித்தே இக்காலப் புத்தகங்கள் 'மோல்' என்ற அளவுக்கு முதலிடம் தந்துவிட்டன. அது நியாயமே. ஆயினும் பழையதை அடியோடு மறப்பது நஷ்டம் என்பது நம் அபிப்பிராயம்.

ஏனெனில், ரத்தப் பரிசோதனைத் தாளில் அது 'மில்லி ஈக்விவலன்ட்' என்ற பெயருடன் இன்றும் வீடு தேடி வருகிறது. ஆரோக்கியமான ரத்தத்தில் லிட்டருக்கு ஸோடியம் சுமார் 140, பொட்டாஸியம் சுமார் 4. இப்போது 'ஸோடியம் குறைந்த உப்பு' என்று ஒன்று விற்கிறார்கள் அல்லவா? அதில் சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாஸியம் க்ளோரைடு சேர்ந்திருக்கிறது. 35.5 கிராம் க்ளோரினுக்கு 23 கிராம் ஸோடியமும் ஈடு, 39 கிராம் பொட்டாஸியமும் ஈடு. நாக்கும் சிறிது கசப்பைப் பொறுத்துக்கொண்டு ஈடு என்று ஒப்புக்கொள்கிறது. இருதயம் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

ரத்தக் கொதிப்புள்ள பலருக்கு அவ்வுப்பு நன்மையே செய்யும். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர் உடலிலிருந்து பொட்டாஸியம் சரிவர வெளியேறுவதில்லை. 4 என்றிருந்தது 7-க்கு ஏறினால் இருதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் சில பொட்டாஸியத்தைத் தேக்கி வைப்பவை. அத்தகையவர் இருக்கும் வீட்டில், அந்தப் பொட்டலத்தை வைத்தியரிடம் காட்டிய பிறகே அடுக்களையில் அனுமதிக்க வேண்டும்.