புரோநோட்டு இல்லாத கடன்



திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் திருவெள்ளறை என்றோர் ஊர் உண்டு. வெண்பாறைக் குன்றின்மீது புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்று. திருவரங்கத்தினும் எங்கள் தலம் பழையது என்று அவ்வூரார் பெருமை பேசுவர். அங்கே இரண்டு செய்திகள் கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது தலபுராணம். சிபிச் சக்கரவர்த்தி வெள்ளைப் பன்றியொன்றைத் துரத்தினானாம். அது புற்றுக்குள் மறைந்ததாம். பாலைச் சொரியப் பெருமாள் தோன்றினாராம். வடக்கிலிருந்து 3,700 வைணவர்களை மன்னன் அழைத்து வந்தபோது வழியில் ஒருவர் இறந்துபட, கணக்குக் குறையாதிருக்கப் பெருமாளே ஓர் ஆளாக வந்து நின்றாராம்!

இரண்டாவது, கோயிலின் புறத்தே உள்ள நாலுமூலைக் கேணி. நாற்புறமும் படிகள், ஒரு துறையில் இறங்குவோரை மறு துறையில் நிற்போர் காணமுடியாத அமைப்பு. பல்லவன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் இதனை முடித்தவன் ஆலம்பாக்கத்து விசையநல்லூழான் தம்பி கம்பன் அரையன். பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. கல்வெட்டு சொல்லுகிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கடந்தும் கேணி நிற்கிறது.

முன்னதற்குச் சாட்சி 'ஆம்', 'ஆம்' என்ற விகுதி. பின்னதற்குச் சாட்சி கல்!

இதைச் சொன்னால் படித்த நண்பர்கள் சிலர் புன்னகை பூக்கின்றனர். "புராணம் கிடக்கட்டும். கடவுள் உண்டென்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. இல்லையென்பதற்கு உங்களிடமும் இல்லை. இருபுறமும் தட்டுச் சமம். ஆகவே நம்புவதும் நியாயமே" என்கின்றனர்.

தட்டுச் சமமா? ஒருவன் உங்கள் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். "உன் பாட்டன் என் பாட்டனிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினான்" என்கிறான். புரோநோட்டு எங்கே என்று கேட்கிறீர்கள். "என்னிடம் இல்லை, ஆனால் வாங்கவில்லை என்பதற்கு உன்னிடமும் பத்திரம் இல்லையே! ஆகவே பாதியாவது கொடு" என்கிறான். கொடுப்பீர்களா? எந்த முன்சீப் கோர்ட்டாவது அவனுக்கு டிக்ரி வழங்குமா? உண்டென்று வழக்குத் தொடுப்பவனே மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன். மெய்ப்பிக்காதவரை, கடன் இல்லையென்றே நாம் வாழ்வு நடத்துகிறோம். அது பிடிவாதமன்று, வழக்கறிவு.

மேலும், ஆதாரம் இல்லையென்பதும் முழு உண்மையன்று. ஆதாரம் கிடைக்கும் இடத்திலெல்லாம் அதனைச் செல்லாக்காசாக்கிவிடுகின்றனர் என்பதே உண்மை. 1323இல் டில்லிப் படை வந்தபோது திருவரங்கத்து உற்சவ மூர்த்தியை அடியார்கள் தூக்கிச் சென்று காத்தனர். ஊர் ஊராக, காடு மலையாக அலைந்து, 1371இல்தான் அம்மூர்த்தி மீண்டும் அரங்கம் வந்தது. 48 ஆண்டுகள்! காத்தவன் யார்? காக்கப்பட்டவன் யார்? கேட்டால் 'லீலை' என்பர். காத்தால் கருணை, கைவிட்டால் லீலை என்றால், எது நடந்தால் தம் கூற்றுத் தவறென ஒப்புவர்? எதுவும் இல்லை! தோற்கவே முடியாத ஆட்டத்தில் வெற்றி ஏது?

எதிர்வாதத்தின் வலிமையான பகுதியை மறைக்க நாம் விரும்பவில்லை. அமெரிக்கத் தத்துவவாணர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் ஒரு வாதம் வைத்தார்: சான்றால் தீர்க்கவியலாத, ஆனால் வாழ்வுக்கு இன்றியமையாத கேள்வியில், உள்ளம் விழையும் பக்கம் சாய்வதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்றார். நல்லது. மகனை இழந்த தாய் ஒருத்தி விளக்கேற்றி அழுது ஆறுதல் பெறுகிறாள் என்றால், அவ்விளக்கை ஊதி அணைப்பது நம் பணியன்று. ஆனால் ஜேம்ஸ் வைத்த எல்லையையும் மறவாதீர்! அவர் பேசியது அவரவர் நம்பிக்கையை அவரவர் சொந்தப் பொறுப்பில் கொள்ளும் உரிமையை. அடுத்தவன் செலவிலன்று!

இங்கேதான் சூது நடக்கிறது. வாதம் 'இருக்கலாம்' என்று தொடங்குகிறது, அடக்கமான சொல். வாதம் முடியும்போதோ, 'இன்னார் கருவறைக்குள் வரலாகாது என்பது அவன் கட்டளை' என்று வந்து நிற்கிறது! இருக்கிறானா என்பதற்கே சான்றில்லை என்று ஒப்பியவர்க்கு, அவனுடைய விருப்பு வெறுப்பு மட்டும் எப்படித் தெரிந்தது?

பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்துக் கலைஞர் அரசு சட்டம் செய்தது 1970இல். 1972இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமத் தடையை அகற்றவில்லை. 2006இல் அரசாணை, பின்னும் வழக்கு. பயிற்சி பெற்ற பல சாதியினர் ஆணை பெற்றது 2021 ஆகஸ்டில். அரை நூற்றாண்டு! 2023 செப்டம்பரில் திருவரங்கத்துப் பயிற்சிப் பள்ளியில் 3 பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றனர். பெண் தொட்டால் தெய்வம் சினக்கும் என்பதற்குச் சான்று என்ன? இங்கே மட்டும் 'இருபுறமும் சமம்' என்று எவரும் சொல்லக் காணோமே!

திருச்சி நகரே இதற்கொரு பாடம். 1953 மே 27இல் டவுன்ஹால் மைதானத்தில் தந்தை பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1958இல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. எனினும், மக்கள் புனிதமாகக் கருதுவதை, அது அறிவுக்கு ஒத்ததாயினும் இல்லாவிடினும், நீதிமன்றங்கள் கருத்திற்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் அறிவுரை கூறினர். பிள்ளையார் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. காக்கப்படுவது மனிதரின் உணர்வு. சரி, மனிதருக்காகவே என்றால், வாயிலில் நிறுத்தப்பட்ட மனிதரின் உணர்வும் கணக்கில் ஏறவேண்டுமன்றோ? 2006 டிசம்பரில் திருவரங்கத்தில் பெரியார் சிலையைச் சிதைத்தபோது, நம் உணர்வு எந்தக் கணக்கில் ஏறியது?

தோழர்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. பெரியார் சொன்னார் என்பதற்காகக் கடவுளை மறுப்பவன் புரோகிதன் சொன்னான் என்பதற்காக நம்புபவனைவிட ஒருபடியும் உயர்ந்தவனல்லன். 'தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்பவரை எள்ளாதீர். அவர் நம் பக்கத்து வீட்டார். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி, அதன்பேரில் பிறர்மீது விலக்கு விதிப்பவரை விடாதீர்! புரோநோட்டை எடுத்து வை என்று கேளுங்கள்.

கம்பன் அரையன் தன் பெயரைச் சொன்னான், ஆண்டைச் சொன்னான், படிகளையும் வெட்டிவைத்தான். ஐயம் உடையவன் போய்ப் பார்க்கலாம். நம்மை நம்பச் சொல்வோரிடம் நாம் கேட்பது அவ்வளவே!