மாதிரி மக்களுடையது, பயனும் மக்களுடையதாக வேண்டும்

அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் ஒரு புற்றுக்கட்டிக்கு இரண்டு வழிகள் உள்ளன. நோயை உறுதி செய்யத் தேவையான பகுதியை நோய்க்குறியியல் துறை எடுத்துக்கொண்ட பின், எஞ்சியது மருத்துவக் கழிவாக எரிக்கப்படலாம். அல்லது எண்ணிடப்பட்டு, உறைய வைக்கப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஆராய்ச்சிக்குப் பயன்படலாம். இந்த இரண்டாவது வழியை ஒழுங்குபடுத்தும் அமைப்பே உயிரிவங்கி. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் உழைக்கும் மக்கள் பெருநோய் வந்தால் திருப்பதியின் ரூயா அரசு மருத்துவமனைக்கும், தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கும், 2022 மே மாதம் டாடா அறக்கட்டளை திறந்த புற்றுநோய் மருத்துவமனைக்கும், எல்லை கடந்து வேலூருக்கும் செல்கிறார்கள். மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும் இக்காலத்தில், உயிரிவங்கி பற்றிய கேள்வி ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அது இம்மக்களின் கேள்வியும் ஆகும்.

உயிரிவங்கியின் பணி எளிமையானதல்ல. ஒப்புதலுடன் பெறப்படும் இரத்தம் சுழற்றிப் பிரிக்கப்பட்டு, பிளாஸ்மாவும் அணுக்களும் தனித்தனிக் குப்பிகளில் சேமிக்கப்படுகின்றன. திசு, உடலிலிருந்து அகற்றப்பட்ட சில நிமிடங்களிலேயே உறைய வைக்கப்பட வேண்டும். தாமதித்தால் அதன் மூலக்கூறுகள் சிதையத் தொடங்கும். பூஜ்யத்திற்குக் கீழ் 80 பாகை செல்சியஸ் குளிரில் இயங்கும் உறைபெட்டிகளும், 196 பாகை கீழ் நிற்கும் திரவ நைட்ரஜன் கலன்களும் இரவும் பகலும் மின்சாரமும் கண்காணிப்பும் கோருபவை. நோயாளியின் பெயர் நீக்கப்பட்டுக் குறியீட்டு எண் இடப்படுகிறது. வயது, தொழில், நோயின் நிலை, பெற்ற சிகிச்சை, அதன் விளைவு ஆகிய விவரங்கள் அந்த எண்ணோடு இணைக்கப்படுகின்றன. இந்த விவரங்கள் இல்லாத மாதிரிக்கு ஆராய்ச்சியில் மதிப்பு குறைவு. ஆய்வாளர் விண்ணப்பித்து, நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்ட பிறகே மாதிரி வழங்கப்பட வேண்டும்.

இத்தகைய வங்கிகள் நம் நாட்டிற்குத் தேவை என்பதில் இடதுசாரிகளுக்கு ஐயமில்லை. உலக மரபணு ஆய்வுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளி மக்களின் மாதிரிகளையே சார்ந்திருக்கிறது. நம் மக்களின் நோய்களுக்கு அதில் முழு விடை கிடைக்காது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவிகிதத்தினரிடம் உள்ளது. அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுகிறது. ஐதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதை 2009இல் வெளியிட்டனர். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தத் தரப்படும் ஒரு மருந்தை உடல் சிதைக்க இயலாத குறைபாடு, தெலுங்கு வைசிய சமூகத்தாரிடையே பிறரைவிட மிக அதிகம். தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் புரிந்ததன் விளைவு இது. சாதி நம் சமூகத்தை மட்டுமல்ல, நம் நோய்களையும் கூறுபோட்டிருக்கிறது என்ற உண்மையை, மக்கள் அளித்த இரத்தமே அறிவியலுக்குக் காட்டியது.

இப்பணியைப் பொதுத்துறையால் செய்ய முடியும். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் மனித மூளை வங்கி 1995 முதல் இயங்குகிறது. சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி உள்ளது. பல மொழி, சாதி, பழங்குடிக் குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டமும் பொதுப்பணத்தில் நடந்ததே. அதன் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன.

ஆனால் மாதிரி அளித்தவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், போலியோ தடுப்பூசிச் சோதனை முதல் எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பயன்பட்டன; விற்பனைப் பொருளாகவும் ஆயின. அவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அவற்றை விற்ற ஒரு பெருநிறுவனத்துடன் குடும்பத்தார் உடன்பாடு காண 2023 வரை ஆயிற்று. அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் அளித்தனர். அது மனநோய் பற்றியும் அவர்களது பூர்வீகம் பற்றியும் ஆராயப் பயன்படுத்தப்பட்டது. நீதிமன்றம் சென்று, 2010இல் இழப்பீடும் தங்கள் மாதிரிகளும் திரும்பப் பெற்றனர்.

நம் அனுபவம் இதைவிட நெருக்கமானது. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், பாத் என்ற அமெரிக்க அமைப்பு நடத்திய திட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிக் குழந்தைகள். எதிர்ப்பு எழுந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அத்தடுப்பூசி பயனுள்ளதா என்பது இங்கே கேள்வியல்ல. ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையொப்பமிட்டிருந்தனர். 1,948இல் கைநாட்டு இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கை இதைக் கடுமையாகக் கண்டித்தது. படிவம் இருந்தது, ஒப்புதல் இல்லை என்பதே கம்மம் கற்பித்த பாடம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இப்பாடத்திற்குத் தனிப் பொருள் உண்டு. இவை இருமொழி மக்களின் மாவட்டங்கள். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் திருப்பதிக்குச் செல்லும் தமிழ் பேசும் பெண்ணிடம் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ உள்ள தாள் நீட்டப்பட்டால், பலமநேரிலிருந்து வேலூருக்குச் செல்லும் தெலுங்கு விவசாயியிடம் தமிழ்த் தாள் நீட்டப்பட்டால், அந்தக் கையொப்பத்திற்கு என்ன மதிப்பு? மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. "வருங்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்" என்ற ஒரு வரியில், தனியார் மருந்து நிறுவனத்திற்கு வழங்கப்படலாம், வெளிநாடு செல்லலாம், மரபணு படிக்கப்படலாம் என்ற மூன்றும் அடங்கியிருக்கலாம். அவை ஒவ்வொன்றும் தனித்தனியே, எளிய சொற்களில் எழுதப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாக விளக்கப்பட வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில், அச்சத்தோடு இருப்பவரிடம் பத்துத் தாள்களில் ஒன்றாக நீட்டிப் பெறுவது ஒப்புதல் ஆகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இவ்விஷயத்தில் தெளிவாகவே உள்ளன. மாதிரி, அளித்தவருக்கே உரியது. நிறுவனம் அதன் பாதுகாவலர் மட்டுமே. அடையாளம் முற்றிலும் அழிக்கப்படாதவரை அளித்தவர் அதைத் திரும்பப் பெறலாம். வணிகப் பயன் கிட்டினால் அதைப் பகிர்வது பற்றியும் அவை பேசுகின்றன. ஆயினும் உயிரிவங்கிகளுக்கென்று தனிச் சட்டம் நாட்டில் இல்லை. மாறாக, மனித உயிரியல் மாதிரிகளை வணிக நோக்கில் ஏற்றுமதி, இறக்குமதி செய்ய அதுவரை தேவைப்பட்ட முன் அனுமதியை ஒன்றிய அரசு 2016 ஆகஸ்டில் நீக்கியது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிப் பயன்பாட்டிற்கு விலக்கு அளிக்கிறது. முதலாளித்துவச் சந்தைக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. மாதிரி அளித்தவருக்கோ ஒரு நெறிமுறை நூல் மட்டுமே காவல்.

பயன் திரும்பி வராவிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிபை நோவார்ட்டிஸ் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைப் பத்தாயிரம் ரூபாய் அளவில் தந்தன. 2005இல் இடதுசாரிகளின் வலியுறுத்தலால் காப்புரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 3(டி) பிரிவைக் கொண்டே 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் நோவார்ட்டிஸின் கோரிக்கையை நிராகரித்தது. ஏழையின் திசுவிலிருந்து பிறந்த அறிவு, ஏழை வாங்க இயலாத மருந்தாகத் திரும்பி வரக்கூடாது.

மருத்துவமனை யாருடையது என்பதும் இதோடு பிணைந்தது. சித்தூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை, அப்போலோ மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கு வழங்கப்பட்டுள்ளது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி உள்ளிட்ட 10 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் பங்கேற்பில் நடத்த ஆந்திர அரசு 2025இல் முடிவு செய்தது. இம்மருத்துவமனைகளிலிருந்து மாதிரிகள் தவறாகச் செல்கின்றன என்று நாம் கூறவில்லை. அரசு மருத்துவமனையின் ஏழை நோயாளி, தனியார் நிர்வாகத்தின் கீழ் வரும்போது அவரது மாதிரிக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்கிறோம்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. உயிரிவங்கிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும். அரசு மருத்துவமனைகளின் மாதிரிகள் பொதுத்துறை வங்கிகளிலேயே இருக்க வேண்டும். எந்த ஆய்வுக்கு, யாருக்கு வழங்கப்பட்டன என்ற பட்டியல் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அவற்றிலிருந்து உருவாகும் மருந்துகளும் பரிசோதனைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவ ஊழியர் சங்கங்களிலும், மாதர், வாலிபர் அமைப்புகளிலும் பணியாற்றும் தோழர்கள், ஜன விஞ்ஞான வேதிகா, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளோடு இணைந்து, தத்தம் பகுதி மருத்துவமனைகளின் படிவங்களைக் கேட்டுப் பெற்று வாசிக்க வேண்டும். புரியாதவற்றைத் திருத்தக் கோர வேண்டும். அறிவியலுக்குத் தம் உடலின் ஒரு பகுதியைத் தர நம் மக்கள் தயங்குபவர்கள் அல்லர். அந்தப் பெருந்தன்மைக்கு ஈடாக, உண்மையும் மரியாதையும் பயனில் பங்கும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது நம் கடமை.